ஒரு பிள்ளை, இரண்டு அடுக்களை

உணவு ஆலோசனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. கோதுமை ஆகாத நோயாளிக்கு முதல் மாதம் என்ன சாப்பிடச் சொல்வது? அதற்கான பதில் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். நம்முடையது அரிசி விளைகிற ஊர். சாப்பாட்டை மாற்றிவிடலாம். சாப்பாட்டைப் பற்றி யார் சொல்வதை நம்புவது என்று தீர்மானிப்பதற்குத்தான் எனக்கு வருடக்கணக்காயிற்று. கோமதியைப் பற்றிச் சொன்னால் நான் சொல்ல வருவது உங்களுக்கே விளங்கும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் வேலை பார்த்தேன். என் அறைக் கதவில் உணவு ஆலோசகர் என்றுதான் எழுதியிருந்தது. வருகிறவர்கள் எல்லோரும் டாக்டரம்மா என்றே கூப்பிட்டார்கள். திருத்திப் பார்த்து அலுத்துவிட்டேன்.

கோமதிக்கு ஏழு வயது. கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் உப்பியிருந்தது. ஓயாத வயிற்றுப்போக்கு. தலைமுடி செம்பட்டையாகிக் கொத்தாக உதிர்ந்தது. எங்கள் குழந்தைகள் மருத்துவர் அவளை மதுரைக்கு அனுப்பி, குழாய் விட்டுக் குடலில் துளி சதை எடுத்துச் சோதிக்க வைத்தார். கோதுமையில் இருக்கும் குளூட்டன் அந்தக் குடலுக்கு ஆகவில்லை என்று தெரிந்தது. வடக்கே ரொட்டி தின்கிறவர்களிடம் பார்க்கிற வியாதி இங்கே எப்படி வந்தது என்று மருத்துவரே ஆச்சரியப்பட்டார். மருந்து கிடையாது, சாப்பாடுதான் மருந்து என்று சொல்லி என்னிடம் அனுப்பினார்.

கூட வந்தவள் பேச்சியம்மாள். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். நாங்குநேரிப் பக்கத்துப் பெண். பிள்ளை அவளைச் சித்தி என்று கூப்பிட்டதும் எனக்கு விஷயம் புரிந்தது. பெற்ற தாய் இறந்துவிட்டாள், இவள் இரண்டாவதாக வந்தவள். அப்பா சுப்பையா வெளியூர்ப் பேருந்து ஓட்டுநர், வீட்டில் பாதி நாள் இருக்கமாட்டார். அன்றைக்கு வந்திருந்தார். ஆனால் இது பொம்பிளைகள் சமாசாரம் என்பதுபோல வராந்தாவிலேயே நின்றுவிட்டார்.

பேச்சியம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காலையில் இட்லியோ தோசையோ, மாவை வீட்டு ஆட்டுக்கல்லில் அரைத்துக்கொள். புட்டோ இடியாப்பமோ என்றால் அரிசியை ஊறவைத்து நீயே இடித்துக்கொள், மாவு மில்லுக்குக் கொண்டுபோகாதே, உனக்கு முன்னால் யாராவது கோதுமை அரைத்துவிட்டுப் போயிருப்பார்கள். மத்தியானம் சோறு, பருப்பு, தேங்காய்ப்பால் சொதி, மோர். கடைப் பெருங்காயத்தில் மாவு கலந்திருக்கும், அதற்குப் பதில் பூண்டும் சீரகமும் போதும். பள்ளிக்கூடத்துக்கு எலுமிச்சஞ்சோறு, தேங்காய்ச்சோறு, உளுந்தஞ்சோறு என்று மாற்றி மாற்றிக் கொடுத்துவிடு. சாயங்காலப் பசிக்குப் பொரியும் பொரிகடலையும், அவித்த சீனிக்கிழங்கு, பனங்கிழங்கு, வாழைப்பழம், வீட்டில் சுட்ட அரிசி முறுக்கு. கூடாதவற்றையும் சொன்னேன். ரவை, சேமியா, மைதா, பரோட்டா, பன், பிஸ்கட், பார்லிக் கஞ்சி, பாலில் கலக்குகிற மால்ட் பொடி, அல்வா.

"நம்ம ஊரு அல்வாவுமா?" என்று மட்டும் கேட்டாள்.

கோதுமையை ஊறவைத்துப் பால் எடுத்துக் கிண்டுவதுதானே அது என்றேன். தலையாட்டினாள். நான் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொல்லச் சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னாள். எனக்கு அதுவே கொஞ்சம் உறுத்தியது. பெற்றவளாக இருந்தால் நடுவில் எங்கேயாவது கண் கலங்கியிருப்பாள் என்று நினைத்தேன். இவள் கணக்கு ஒப்பிப்பதுபோல ஒப்பித்தாள்.

இரண்டு மாதம் கழித்து வந்தபோது கோமதி அப்படியே இருந்தாள். ஒரு வாரம் தேறுவாளாம், மறுவாரம் பழையபடி ஆகிவிடுமாம். மருத்துவர் என்னைத் தனியே கூப்பிட்டு, அந்தப் பெண் ஒழுங்காகக் கொடுக்கிறாளா என்று பாருங்கள், எனக்குச் சரியாகப் படவில்லை என்றார்.

அதே வாரத்தில் ஒரு அம்மாள் என் அறைக்கு வந்தார். பெயர் வடிவு. சுப்பையாவின் அக்கா, கோமதிக்கு அத்தை. கோமதி படிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில் தையல் வேலை செய்துகொண்டு தனியாக இருந்தார். தாய் இறந்த பிறகு தம்பி மறுகல்யாணம் செய்யும்வரை பிள்ளையைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

பேச்சியம்மாள் பிள்ளையைப் பட்டினி போடுகிறாள் என்றார். ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் இலையிலிருந்து அல்வாவை எடுத்து எறிந்தாளாம். ஊரே பார்த்ததாம். பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த பிஸ்கட்டைக் கையிலிருந்து பிடுங்கினாளாம். பிள்ளை அழுதபோதும் முகம் மாறவில்லையாம்.

"கேட்டா டாக்டர் சொன்னாருங்கா. எந்த டாக்டராவது பிள்ளைக்கு ஒண்ணும் குடுக்காதன்னு சொல்வாரா? கோதுமையை நம்ம என்னைக்கு வேளாவேளைக்குத் தின்னோம், டாக்டரம்மா?"

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வடிவக்கா சொன்னதில் பொய் ஒன்றுகூட இல்லை. அல்வாவை எறியச் சொன்னது நான். பிஸ்கட்டைப் பிடுங்கச் சொன்னதும் நான். நாம் கொடுக்கிற பத்தியத்தை ஒரு தாய் செய்தால் அக்கறை என்பார்கள். அதையே சித்தி செய்தால் கொடுமையாகிவிடுகிறது. டாக்டர் சொன்னது உண்மைதான் என்றேன். கோதுமை, ரவை, மைதா எதுவும் கூடாது என்று விளக்கினேன். உங்கள் வீட்டில் பிள்ளை என்ன சாப்பிடுவாள் என்றும் கேட்டேன்.

"பள்ளிக்கூடம் விட்டு வந்தா கொஞ்சம் பால் குடிப்பா. வேற என்னத்தத் திங்கா?"

பால் என்றதும் மேற்கொண்டு கேட்கவில்லை. அவர் போன பிறகு என் சந்தேகமெல்லாம் பேச்சியம்மாள் பக்கமே போயிற்று.

ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வண்ணார்பேட்டையில் அவர்கள் வீட்டுக்குப் போய் நின்றேன். அடுக்களையைப் பார்க்க வேண்டும் என்றேன். பேச்சியம்மாள் வழிவிட்டாள். ஆட்டுக்கல்லில் அப்போதுதான் மாவு அரைத்திருந்தாள். பெருங்காய டப்பா இல்லை. மேல்தட்டில் ஒரு தகர டின் இருந்தது. திறந்தேன். கோதுமை மாவு.

அவர் ராத்திரி வண்டி முடிந்து வந்தால் சப்பாத்தி கேட்பார், அதற்குத் தனித் தோசைக்கல், தனிக் கரண்டி என்றாள். கல்லையும் காட்டினாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த மாவே வீட்டில் இருக்கக் கூடாது என்றேன். என் கண் முன்னாலேயே டின்னை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். கிளம்பும்போது வாசல்வரை வந்தவள், "அம்மா, பிள்ளைக்கு யாரோ குடுக்காங்க" என்றாள்.

யார் என்று கேட்டேன். தெரியவில்லை என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பழியை வேறு பக்கம் தள்ளப் பார்க்கிறாள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

மாவு டின் போன பிறகும் கோமதி தேறவில்லை. எடை இன்னும் குறைந்தது. ஒருநாள் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்துவிட்டாள். மருத்துவர் வார்டில் சேர்த்துவிட்டார்.

சேர்த்ததும் முதல் கேள்வி, அவளுக்கு யார் சமைப்பது? எங்கள் மருத்துவமனைச் சமையற்கட்டை நான் நம்பத் தயாராக இல்லை. அங்கே விடிந்தால் ரவை உப்புமா, இல்லையென்றால் ரொட்டி. எல்லாவற்றுக்கும் ஒரே அண்டா, ஒரே கரண்டி. பேச்சியம்மாளைக் கூப்பிட்டேன். மூன்று வேளைச் சாப்பாட்டையும் சாயங்காலப் பலகாரத்தையும் நீ வீட்டில் சமைத்து என் அறையில் கொண்டுவந்து கொடு, நான் பார்த்து, ருசித்துவிட்டு, மருத்துவமனைத் தட்டில் போட்டு அனுப்புகிறேன் என்றேன். வேறு யாரும் வெளியிலிருந்து ஒரு துளி கொண்டுவரக் கூடாது. இந்த ஏற்பாட்டை மருத்துவரைத் தவிர யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன். இவள் சமைத்தது என்று தெரிந்தால் வடிவக்கா வார்டையே இரண்டாக்கிவிடுவார்.

மறைக்காமல் அவளிடம் இன்னொன்றும் சொன்னேன். உன்மேலும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது, உன் சாப்பாட்டில் பிள்ளை தேறாவிட்டால் அதையும் நான்தான் சொல்வேன் என்றேன்.

"சந்தேகப்படுங்கம்மா. நல்லாப் பாருங்க" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஏதோ நிம்மதி தெரிந்தது. அது ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

தினமும் தூக்குச்சட்டி அடுக்கு ஒன்றில் சாப்பாடு வந்தது. இட்லி, இஞ்சித் துவையல். குழைந்த சோறும் பாசிப்பருப்பும். சாயங்காலம் புட்டும் பழமும். இரவில் இடியாப்பத்தில் தேங்காய்ப் பால். ஒவ்வொன்றையும் ருசித்துப் பார்த்தேன். மாவைக் கிள்ளி விரலில் தேய்த்துப் பார்த்தேன். பிள்ளை மெதுவாகத் தேற ஆரம்பித்தாள். முதலில் வயிற்றுப்போக்கு நின்றது. பிறகு பசி வந்தது. இன்னொரு இட்லி என்று கேட்டாள். வார்டில் அடுத்த கட்டில் பிள்ளையோடு சேர்ந்து சிரிக்கிற சத்தம் என் அறைவரை கேட்டது.

வடிவக்கா தினமும் வெறுங்கையோடு வந்து பார்த்துவிட்டுப் போனார். பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். ஒருநாள் தம்பி சுப்பையாவை அழைத்துக்கொண்டு மருத்துவர் அறைக்கே வந்துவிட்டார். நானும் அங்கே இருந்தேன்.

"அவ கையை விட்டு வந்ததுமே பிள்ளை தேறிட்டாள்ல. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார்.

சுப்பையா தலையைக் குனிந்துகொண்டே பேசினார். பிள்ளையை அக்கா வீட்டில் விடப்போவதாகவும், பேச்சியம்மாளைத் தாய்வீட்டுக்குக் கிளம்பச் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, நீங்கள் சொல்லுங்கள், அவள் பட்டினி போட்டாளா இல்லையா என்று கேட்டார். மருத்துவரும் என்னைப் பார்த்தார்.

பிள்ளை தேறியது பேச்சியம்மாள் சமைத்த சோற்றில்தான் என்று அந்த இடத்திலேயே உடைத்துச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். சொன்னால் வடிவக்காவின் அடுத்த வார்த்தை என்னவாக இருக்கும் என்று யோசித்தேன். நீங்கள் காவல் இருந்தீர்கள், அதனால் ஒழுங்காகச் சமைத்தாள், வீட்டில் அப்படியா செய்வாள் என்பார். அதை இல்லை என்று காட்ட என்னிடம் சாட்சி கிடையாது. ஒரு சோதனையில் பிள்ளை தேறினால், அந்தச் சோதனையில் என்ன சேர்ந்தது என்று மட்டும் பார்க்கக் கூடாது. என்ன விலகியது என்றும் பார்க்க வேண்டும். வார்டுக்கு வந்ததால் விலகியது வண்ணார்பேட்டை வீடு மட்டும்தானா? பள்ளிக்கூடமும் விலகியிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவும் விலகியிருந்தது.

சாயங்காலம் பதில் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். மருத்துவருக்கு அது பிடிக்கவில்லை.

கோமதியின் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். யார் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் வாயை மூடிக்கொள்ளும். அதனால் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். டீச்சர் எப்படி, சிநேகிதி யார், மணி அடித்ததும் எங்கே போவாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அத்தை வீட்டுக்குப் போவாளாம், சித்தி வந்து கூட்டிப்போகும்வரை அங்கேதான் இருப்பாளாம். அத்தை பால் தருவாங்களாமே, வெள்ளைப் பாலா என்றேன்.

கொஞ்ச நேரம் போர்வை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"மால்ட்டுப் பால். பெரிய தம்ளர்ல. சித்திகிட்டச் சொல்லக் கூடாதுன்னு அத்தை சொன்னா."

வேண்டாம் என்று சொல்லக் கூடாதா என்றேன்.

"வேண்டாம்னா அத்தை அழுவா. உங்க அம்மாவும் போயிட்டா, நீயும் என் கையால குடிக்க மாட்டியான்னு அழுவா."

மால்ட் பொடி என்பது முளைகட்டிய பார்லியும் கோதுமையும். அந்தக் காலத்தில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அந்தப் புட்டியைத்தான் வாங்கிக்கொண்டு பார்க்கப் போவார்கள். பாலில் கலந்துவிட்டால் அதற்குப் பெயர் பால்தான். வடிவக்கா என்னிடம் மறைக்கவில்லை. பாலில் என்ன போடுவீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவ்வளவுதான். நான் மால்ட்டை நிறுத்தச் சொன்னது பேச்சியம்மாளிடம். அவள் வீட்டில் நிறுத்தியதைப் பார்த்துத்தான், சத்துப் பாலைக்கூட இவள் நிறுத்திவிட்டாளே என்று வடிவக்கா தன் வீட்டில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்.

இதை எல்லோர் முன்னாலும் சொன்னால் வடிவக்கா தம்பி முன்னால் கூனிப்போவார். பிள்ளைதான் சொன்னாள் என்று தெரிந்தால் அவளுக்கு அத்தை முகத்தில் விழிக்க முடியாமல் போய்விடும். வடிவக்காவை மட்டும் என் அறைக்கு வரச் சொன்னேன். அன்று மாலைச் சாப்பாடு வந்திருந்த தூக்குச்சட்டியை மேசைமேல் வைத்தேன். வந்த நாள்முதல் பிள்ளை சாப்பிட்டது இதில் வந்த சாப்பாட்டைத்தான், எங்கள் சமையற்கட்டில் ஒரு வேளைகூடச் சமைக்கவில்லை என்றேன்.

அவர் சட்டியைக் கையில் எடுத்துத் திருப்பினார். விளிம்பில் பெயர் வெட்டியிருந்தது. நான் இத்தனை நாளும் அதைப் படித்ததில்லை. அவர் படித்தார். கோமதியைப் பெற்றவளின் பெயர். அவள் கல்யாணச் சீராகக் கொண்டுவந்த பாத்திரம்.

"இதுலயா கொண்டுவந்தா?" என்றார். இப்போது நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான் எதுவும் சொல்வதற்கு முன்னால் அவரே கேட்டார். "அப்போ, என் வீட்டுப் பால்லயா இருந்துச்சு?"

ஆமாம் என்றேன். மால்ட் எதிலிருந்து செய்கிறார்கள் என்று சொன்னேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நானே பிள்ளையைக் கொல்லப் பார்த்தேனே என்றார். பாசத்தில் கொடுத்தீர்கள், இதை உங்களிடம் நேரே சொல்லாதது எங்கள் தவறு என்றேன். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு இனியும் உங்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும், பாலில் கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் கொடுங்கள், கூட அவல் நனைத்துக் கொடுங்கள் என்றேன். என்னை நம்பி அவள் அனுப்புவாளா என்று கேட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். தம்பியிடம், பிள்ளையை உன் வீட்டுக்கே கூட்டிப்போ என்றார். சுப்பையா ஏன் என்று கேட்டார்.

"தப்பு என் பக்கம். வீட்டுக்குப் போய்ச் சொல்லுதேன். முதல்ல அவளைப் போகாதன்னு சொல்லுலே" என்றார்.

பேச்சியம்மாள் கீழே மரத்தடியில் துணிப்பையோடு நின்றிருந்தாள். நாங்குநேரிப் பேருந்துக்குக் கிளம்பச் சொல்லியிருந்தார்கள். அப்படியும் இரவுச் சாப்பாட்டுக்கான இட்லியைக் கொண்டுவந்திருந்தாள். நான்தான் போய் விஷயத்தைச் சொன்னேன். மால்ட் என்றதும் அவள் முகத்தில் வியப்பே இல்லை.

உனக்குத் தெரியுமா என்றேன்.

"சாயங்காலம் கூட்டிட்டு வரப் போனா பிள்ள வாயில அந்த வாசம் அடிக்கும்மா. யார்கிட்டச் சொல்ல? சித்தி, அத்தை மேல பழி போடுதான்னுதான் சொல்வாங்க. நீங்களே அப்படித்தான நினைச்சிருப்பீங்க?"

நான் மறுக்கவில்லை. எல்லோரும் சந்தேகப்படுகிற ஒருவருக்கு, இன்னொருவரைச் சந்தேகப்பட்டு வாய் திறக்கிற உரிமை இருப்பதில்லை. யாரோ கொடுக்கிறார்கள் என்று வாசலில் அவள் சொன்னபோது, அவளால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். சொன்னதைவிட அவள் சொல்லாமல் விட்டதை நான் கேட்டிருக்க வேண்டும். நோயாளி வீட்டாரைச் சந்தேகப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் சமைக்கிறவரோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பிள்ளைக்கு ஊட்டுகிற கை எத்தனை இருக்கிறதோ, அத்தனை கைகளுக்கும் உங்கள் வாயாலேயே பத்தியத்தைச் சொல்லுங்கள். ஒருவர் வழியாக இன்னொருவருக்குச் சொல்லி அனுப்பாதீர்கள்.

அதற்குப் பிறகு கோமதி நன்றாகத் தேறினாள். ஆனால் அந்த இரண்டு பெண்களுக்குள் உண்மையாகவே சமாதானம் ஆயிற்றா என்பதில் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. சோதனைக்கு ஒருதடவை சித்தி கூட்டிக்கொண்டு வருவாள், இன்னொரு தடவை அத்தை வருவார். சேர்ந்து வந்து நான் பார்த்ததில்லை. நானாகக் கேட்கவும் இல்லை.

மறுவருஷம் ஒருநாள் கோமதி சுப்பையாவோடு வந்தாள். கன்னத்தில் சதை வைத்து, முடி கறுத்து, பாவாடை சட்டையில் வேறு பிள்ளையாக இருந்தாள். மேசை டிராயரிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து நீட்டினேன். கையை நீட்டாமல் அதையே பார்த்தாள்.

"இதுல என்ன போட்டிருக்கு?"

தாளைத் திருப்பிப் பார்த்தேன். அதில் ஒன்றும் அச்சிட்டிருக்கவில்லை. தெரியவில்லையே கண்ணு என்றேன்.

"அப்போ வேண்டாம்" என்றாள். பிறகு எனக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ, தன் பையைத் திறந்து ஒரு எள்ளுருண்டையை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"இதைத் திங்கலாம். நேத்து எங்க வீட்டுல சித்தியும் அத்தையும் சேந்து பிடிச்சது."